பட்டப்பெயர் இல்லாத பாகம்

பாய்லர் பரீட்சைக்குப் படிக்கப் போவதாக அண்ணி சொன்னபோது எங்கள் வீட்டில் முதலில் சிரித்தவன் என் அண்ணன். அண்ணனை 'அவன்' என்றும் அண்ணியை 'அவர்' என்றும் எழுதுகிறேனே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது அவரவர் சம்பாதித்துக்கொண்ட மரியாதை.

இருவருக்கும் ஒரே சலவைக் கூடத்தில்தான் வேலை. தெருமுனையில் இருக்கிற சலவைக் கடை மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்பும் துண்டும் திரைச்சீலையும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற பெரிய கூடம். அண்ணன் வேன் ஓட்டுகிறான். அண்ணிக்கு இஸ்திரிப் பிரிவு. நீராவியில் சூடேறிய பெரிய உருளைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று ஈர விரிப்பைப் பிடித்துக் கொடுத்தால் அந்தப் பக்கம் மொரமொரவென்று வந்து விழும். காலையில் நின்றால் சாயங்காலம்தான் உட்கார முடியும். வீட்டுக்கு வந்ததும் அண்ணி தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். இனிமேல் நின்று செய்கிற வேலை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கூடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இரண்டுதான். ஒன்று முதலாளியுடையது. அது காலியாகப் போவதில்லை. மற்றது பாய்லர்காரருடையது. அவர் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். அதற்குள் அண்ணி அரசாங்கப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் அந்த நாற்காலி அண்ணிக்கு, இல்லாவிட்டால் வெளியாளைக் கொண்டுவருவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். வெளியாள் வந்து உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டான். அண்ணியின் கால் மறுபடி உருளைக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், நான் பாடப்புத்தகம் அச்சிடுகிற இடத்தில் பிழை திருத்துபவள். கல்யாணம் ஒத்துவராமல் திரும்பி வந்து, அப்பா அம்மா அண்ணன் அண்ணி என்று இந்த வீட்டிலேயே ஒட்டிக்கொண்டவள். எந்த வகுப்பிலும் ஒரு நாளும் நின்று பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் அண்ணன் எனக்கு வைத்திருக்கிற பெயர் வாத்தியாரம்மா.

பாய்லர் புத்தகத்தை அண்ணி வாங்கி வந்த அன்றைக்கு முதல் பக்கத்தை உரக்கப் படித்தார். தட்டுத் தடங்கல் இல்லாமல்தான் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுத்தெல்லாம் தெரிஞ்ச எழுத்துதான். ஆனா என்ன சொல்றான்னே தெரியலையே. ஒரு வரியில அஞ்சாறு பேர் வந்து நிக்கறாங்க. ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டுல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நடுவுல போய் உக்காந்த மாதிரி இருக்கு."

"கவலைப்படாதீங்க அண்ணி. வார்த்தை தெரியாததுதான் பிரச்சினைன்னா அது என் வேலை" என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அட்டைகள் வெட்டினேன். ஒவ்வொரு அட்டையிலும் மேலே ஒரு சொல், கீழே அதன் விளக்கம். ஒரு கால்புள்ளி கூடத் தப்பில்லாமல் எழுதினேன். அடுக்களைச் சுவரில், பீரோக் கதவில், குளியலறைக் கண்ணாடியில் என்று வீடு முழுக்க ஒட்டிவைத்தேன். அண்ணியும் சளைக்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "எகனாமைசர் என்பது, புகைபோக்கி வழியாக வீணாகப் போகும் வெப்பத்தைக் கொண்டு, பாய்லருக்குள் செல்லும் நீரை முன்கூட்டியே சூடாக்கும் அமைப்பு" என்று ஒப்பிப்பார். கண்ணில் தண்ணீர் கொட்டும். அது வெங்காயத்தாலா எகனாமைசராலா என்று அண்ணன் கேட்பான்.

எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் பாய்லர் அறைக்குள் போய், படித்ததையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தார். போனவர் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன ஆச்சு அண்ணி?"

"சேஃப்டி வால்வு எதுன்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இங்க இல்லம்மான்னுட்டார் அந்த மனுஷன்."

"அதெப்படி? அது இல்லாம பாய்லரே கிடையாதே!"

"இருக்கு. அவர் அதை விசிலுங்கறார். தண்ணி மட்டம் காட்டற கேஜ் கிளாஸ் அவருக்குக் கண்ணு. அடியில சேர்ற சகதியைத் திறந்து விடறதுக்கு ஒரு வால்வு இருக்கே, ப்ளோடவுன்னு நீ ஒட்டி வெச்சிருக்கியே, அதுக்கு அவர் வெச்சிருக்கற பேரை நான் இந்த வீட்டுல சொல்ல மாட்டேன்."

"சொல்லு, சொல்லு" என்றான் அண்ணன்.

"கக்கூஸ்."

கையில் இருந்த காபியை அண்ணன் சட்டையில் கொட்டிக்கொண்டான். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கினார்.

"அங்க இருக்கற பேரு புஸ்தகத்துல இல்ல. புஸ்தகத்துல இருக்கற பேரு அங்க இல்ல. நடுவுல நான் நிக்கறேன்" என்றார் அண்ணி. "இதுல இன்னொரு கூத்து. ஃப்யூ... அந்த பிளக்கு. குளியலறைக் கண்ணாடியில ஒட்டியிருக்கியே."

"ஃப்யூசிபிள் பிளக்."

"அதேதான். அதுக்கு அவர் பட்டப்பேர்கூட வைக்கல. அது உள்ள எங்கயோ இருக்கும்மா, யாரு பார்த்தா, அதும்பாட்டுக்கு இருக்கும்னுட்டார்."

எல்லாச் சொல்லும் எப்படியோ அண்ணியின் நாக்கில் ஏறிவிட்டது. அந்த ஒன்று மட்டும் ஏறவில்லை. பல் தேய்க்கும்போதெல்லாம் அந்த அட்டையைப் பார்க்கிறார், குளியலறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறார். பரீட்சையில் கட்டாயம் கேட்கிற கேள்வி அது என்று புத்தகத்தில் நட்சத்திரக் குறி வேறு போட்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் புது அட்டை எழுதி ஒட்டினேன். அதையும் மறந்தார்.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை. அண்ணன்தான். ஆனால் தான் கண்டுபிடித்தது அவனுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் வேன் சாவியைக் காணோம் என்று அவன் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தான். யார் எடுத்தது, எவன் தொட்டது, இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று கூரை பறக்கக் கத்தினான். கத்தி முடித்தவன் சட்டைப் பையில் கையை விட்டான். சாவி அங்கே இருந்தது. சத்தமே காட்டாமல் உட்கார்ந்து இட்டதைச் சாப்பிட ஆரம்பித்தான். அண்ணி கரண்டியும் கையுமாக அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், தானே திறந்துகொண்டு, பெரும் சத்தத்துடன் ஆவியை வெளியேற்றி, அழுத்தம் குறைந்ததும், தானே மூடிக்கொள்வது."

"என்னது?" என்றான் அண்ணன்.

"நீங்கதாங்க. சேஃப்டி வால்வு."

அதற்கப்புறம் அண்ணியைப் பிடிக்க முடியவில்லை. சமையல் முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் குளிக்கத் தண்ணீரை வைத்துவிட்டு, ஒரு பொட்டுச் சூட்டையும் வீணாக்காமல் பார்த்துக்கொள்கிற அம்மா எகனாமைசர். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, செய்தித்தாளை உரக்கப் படிக்கிற அப்பா கேஜ் கிளாஸ். அவர் படிக்கிற குரல் கேட்டால் வீட்டில் எல்லாம் சரியான மட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். குரல் நின்றுபோனால் எங்கேயோ ஏதோ சரியில்லை. விடுதியில் தங்கிப் படிக்கிற அண்ணியின் மகள், இங்கிருந்து எது போனாலும் திருப்பி அனுப்பாதவள் என்பதால் நான்-ரிட்டர்ன் வால்வு. என்னுடைய நல்ல சால்வை இரண்டு அந்த வழியாகத்தான் போயிற்று.

நான் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நான் யாரு அண்ணி?"

"நீயா? நீ இன்னும் வரல."

"வரலன்னா?"

"புஸ்தகத்துல பின்னாடி எங்கயாவது இருப்பே. இரு, படிச்சுக்கிட்டுத்தானே வர்றேன்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணி வேலைக்குப் போன நேரத்தில் புத்தகத்தை எடுத்துப் பின்பக்கம் புரட்டினேன். ஒன்றும் நல்லதாக இல்லை. ஸ்கேல் என்று ஒன்று: குழாயின் உட்புறத்தில் நாளடைவில் படிந்து, சுரண்டினாலும் போகாத காறை. ஸ்லட்ஜ்: அடியில் தங்கும் சகதி. க்ளிங்கர்: எரிந்து தீர்ந்தபின் அடுப்பில் இறுகிக் கிடக்கும் கட்டி. புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து பிறந்த வீட்டில் படிந்துவிட்ட நாத்தனாருக்கு இதில் எது பொருந்தாது? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி ஒப்பித்ததில் நான்கு தப்பு கண்டுபிடித்தேன். அதில் இரண்டு நிஜமாகவே தப்பு.

அப்புறம் அந்தச் சண்டை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல். எல்லோரும் வீட்டில் இருந்தோம். அப்பா செய்தித்தாளில் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். பாய்லரை விடிவதற்கு முன்பே பற்றவைக்க வேண்டும் என்று அண்ணி சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். அவ்வளவுதான்.

"விடியறதுக்கு முன்னாடின்னா இங்க காலைல அடுப்பை யாரு பத்த வைக்கறதாம்?" என்றாள் அம்மா.

"ஏன், இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் கை இருக்கா அத்தை?"

அண்ணி மாமியாரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணன் நடுவில் புகுந்தான். "அம்மாகிட்ட என்ன பேச்சு இது? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், பாய்லர் பாய்லர்னு தலைகால் புரியாம ஆடறே. விறகையும் சாம்பலையும் வாரிக்கிட்டு நீ அங்க உக்காரணும், கூட வேலை பாக்கறவன்லாம் என்னைப் பார்த்து உன் பொண்டாட்டிதான்டா இப்ப உன்னை ஓட்டறான்னு சிரிக்கணும். அதானே?"

"ஓஹோ. அதான் விஷயமா? என் காலை என்னிக்காவது பார்த்திருக்கீங்களா நீங்க? ஒரு நாளாவது?"

"காலு காலுன்னு..."

"சரி. எனக்குப் பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க போய் உக்காந்துக்கறேன். உக்காரணும்னுதானே கேட்டேன்!"

அண்ணி புத்தகத்தைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் பட்டு விழுந்தது. அண்ணன் கையை ஓங்கவில்லை. ஆனால் எழுந்து நின்றான். அம்மா வாசலைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன், அப்பாவின் குரல் எப்போதோ நின்றுபோயிருந்தது. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சண்டையில் எனக்குப் பங்கே கிடையாது. ஆனால் இப்படித்தான் ஒரு வீடு உடையும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்தவள் நான். அண்ணி போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் ஓவென்று அழுதுகொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மரியாதையாக அழுகிற அழுகை இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற அழுகை.

எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

"ஏண்டி, உன்னை யாரு என்ன சொன்னா?" என்றாள் அம்மா. அவள் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"வாத்தியாரம்மா, ஏய், என்ன ஆச்சு? தலை வலிக்குதா?" என்று அண்ணன் என் பக்கத்தில் வந்து குந்தினான். அப்பா எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் நிறுத்த முயன்றேன், முடியவில்லை. என்னைத் தேற்றுவதில் மும்முரமாகிவிட்ட நான்கு பேருக்கும் எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே விட்டுப்போயிற்று. கடைசியில் அம்மாதான் சொன்னாள்: "சரி சரி, அழாதே. காலைல அடுப்பை நீயும் நானும் பாத்துக்குவோம். இதுக்குப் போயா இப்படி?" நான் அதற்காக அழவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். அண்ணன் சுவரோரம் போய்ப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, பேசாமல் அண்ணியிடம் நீட்டினான்.

எனக்கு மானம் போயிற்று. இந்த வயதில், வேலைக்குப் போகிற ஒருத்தி, சின்னப் பிள்ளை மாதிரி. அண்ணி புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெகுநேரம் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். சகதி என்று முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஓர் அதிசயம் நடந்தது. ஃப்யூசிபிள் பிளக் என்று அண்ணி தடுக்காமல் சொன்னார். மறுநாளும் சொன்னார். அதற்கப்புறம் மறக்கவே இல்லை. சிவப்பு மை வேலை செய்கிறது என்று நான் மனதுக்குள் என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

பரீட்சை அன்றைக்கு அண்ணனே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். காலையில் எழுத்துத் தேர்வு, மத்தியானம் வாய்மொழித் தேர்வு. துணைக்கு நான் போயிருந்தேன். நடையில் வரிசையாகப் போட்டிருந்த பெஞ்சுகளில் ஒரே ஆண்கள். ஒருவர் அண்ணியிடம் ரொம்ப மரியாதையாக, "உங்க வீட்டுக்காரருக்கு எத்தனாவது நம்பர்மா?" என்று கேட்டார். "அவருக்கு நம்பர் இல்லைங்க, அவர் வேனுக்குப் பக்கத்துல நிக்கறார்" என்றார் அண்ணி.

அண்ணி உள்ளே போனதும் கதவைச் சாத்துவார்கள் என்று நினைத்தேன். உள்ளே புழுக்கமோ என்னவோ, சாத்தவில்லை. இரண்டு பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஒருவர் வழுக்கைத் தலை, சிரித்த முகம். இன்னொருவர் கண்ணாடிக்காரர், அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். அண்ணன் தண்ணீர்ப் பாட்டிலோடு மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"எகனாமைசர் என்றால் என்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.

அண்ணி ஒப்பித்தார். என் அட்டை, கால்புள்ளி உட்பட அப்படியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனை முழங்கையால் இடித்தேன்.

"பாய்லர் ஓடிக்கிட்டிருக்கு. கேஜ் கிளாஸ்ல தண்ணியே தெரியல. என்ன செய்வீங்க? சட்டுனு சொல்லுங்க!"

அண்ணி சட்டென்று சொன்னார். "மாமா பேச்சை நிறுத்திட்டார்னா முதல்ல அடுப்பை அணைக்கணும் சார். பதறிப் போய்ப் பச்சைத் தண்ணியை ஊத்திடக் கூடாது."

போச்சு, எல்லாம் போச்சு, இனி அந்த உருளைதான் என்று நினைத்தேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"யாரும்மா மாமா?" என்றார் வழுக்கைத் தலை.

"ஐயோ. மன்னிச்சுக்குங்க சார். கேஜ் கிளாஸ். கேஜ் கிளாஸ்ல தண்ணி தெரியலன்னா எரிபொருளை நிறுத்தணும், காத்தை நிறுத்தணும். உள்ள தகடு காய்ஞ்சு சிவந்து கிடக்கும், அதுமேல பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சுடும். தானா ஆறற வரைக்கும் கிட்ட போகக் கூடாது."

"விடை சரி" என்றார் கண்ணாடிக்காரர். குரலில் ஈரமே இல்லை. "ஆனா இது வீட்டு விஷயம் பேசற இடமா? நாளைக்கு உங்க பாய்லர்ல ஒரு கோளாறுன்னா 'மாமா பேசவில்லை'ன்னா அறிக்கை எழுதுவீங்க?"

"இல்ல சார், கேஜ் கிளாஸ்னுதான் எழுதுவேன். ஆனா பயந்துட்டேன்னா முதல்ல மாமாதான் ஞாபகத்துக்கு வருவார். பேரு அப்புறம் வரும். அதுக்குள்ள கை அடுப்பை அணைச்சிருக்கும் சார்."

வழுக்கைத் தலை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப சேஃப்டி வால்வு யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரர் சார்."

"அதுகிட்ட என்னென்ன செய்யக் கூடாது?"

"அடைச்சு வைக்கக் கூடாது. மேல பாரம் ஏத்தக் கூடாது. கத்தும்போது எதிர்ல போய் நிக்கக் கூடாது. கத்தவே இல்லன்னாதான் சார் கவலைப்படணும், அப்ப உடனே சோதிச்சுப் பாக்கணும்."

நடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் அசடு வழிய, "நல்லாத்தானே சொல்றா?" என்று என்னிடம் கேட்டான்.

கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகத்தில் நட்சத்திரம் போட்ட கேள்விக்கு வந்துவிட்டார். "ஃப்யூசிபிள் பிளக்."

நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்: சிவப்பு மையை நினைச்சுக்குங்க அண்ணி, குளியலறைக் கண்ணாடியை நினைச்சுக்குங்க.

"அது என் நாத்தனார் சார்" என்றார் அண்ணி.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அடுப்புக்கு நேர் மேல, தகட்டுல இருக்கும் சார். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணி. நடுவுல சீக்கிரம் உருகற உலோகத்தை ஊத்தி அடைச்சிருக்கும். தண்ணி இருக்கற வரைக்கும் அதும்பாட்டுக்கு இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. தண்ணி மட்டம் ரொம்பக் கீழ போயிட்டா மத்த எந்தப் பாகமும் கெடறதுக்கு முன்னாடி அது உருகிடும். அந்த ஓட்டை வழியா ஆவி கொட்டி அடுப்பை அமத்திடும். பாய்லர் பொழைச்சுக்கும். எங்க வீட்டுல ஒரு நாள் தண்ணி சுத்தமா இல்லாம போச்சு சார். நான் கிளம்பற மாதிரியே ஆயிடுச்சு. யாரும் நிறுத்தல. அவதான் ஓன்னு அழுதா. எல்லா நெருப்பும் அமந்துடுச்சு. அன்னிலேருந்துதான் எனக்கு இந்தப் பேரு மறக்கறதில்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனாலும் அவர் பரீட்சை வைக்க வந்தவர். விடுவாரா? "சரி. அந்தப் பிளக்கை எப்ப மாத்துவீங்க?"

"பாய்லர்லன்னா கெடு வெச்சு மாத்தணும் சார். உருகாம நல்லாவே இருந்தாலும் கெடு வந்தா கழட்டிப் புதுசு போட்டுடணும்."

"வீட்டுல?"

"வீட்டுல மாத்த முடியாதுங்களே. ஒண்ணுதான் இருக்கு. தண்ணி குறையாம நாங்கதான் பாத்துக்கணும்."

கண்ணாடிக்காரர் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துத் தேர்வுத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தேறிட்டீங்க. சான்றிதழைக் கீழ வாங்கிக்குங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார். அண்ணி வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து மறுபடி கூப்பிட்டார். "உங்க மாமாவை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க."

அண்ணி வெளியே வந்தார். நான் எழுந்து வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. கன்னமெல்லாம் நனைந்து, மூக்கு ஒழுகி, நான்கு பேர் முன்னால் பார்க்கச் சகிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் தன் கைக்குட்டையை என் கையில் திணித்துக்கொண்டிருந்தான். அதில் வேன் எண்ணெய் வாடை அடித்தது.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"என்னங்க, சும்மா நின்னுக்கிட்டு. அந்தத் தண்ணி பாட்டிலை முதல்ல அவகிட்ட குடுங்க."